படத்துக்கு வந்த நாற்காலி

ஓட்டலின் சலவை அறையில் இஸ்திரி போடும் அக்காவுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். குவிந்து கிடக்கும் படுக்கை விரிப்புகளை நின்றபடியே தேய்த்துத் தேய்த்து அவள் கால்கள் வீங்கிப்போயிருந்தன. வீடு திரும்பியதும் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பது கணவன் பொறுப்பு. உட்கார்ந்து வேலை செய்தால் சோம்பல் வரும் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. அதை அவர் உட்கார்ந்துகொண்டேதான் கண்டுபிடித்தார்.

அந்த மேனேஜர் ஏதோ பயிற்சிக்குப் போனார். போனது மேனேஜர், திரும்பி வந்தது தொண்டர்.

"இனிமே நான் உங்க அதிகாரி இல்ல, உங்க வேலைக்காரன். என்ன வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க," என்று கைகூப்பினார்.

"ஒரு நாற்காலி வேணும் சார்," என்றாள் அக்கா.

"அதத் தவிர வேற ஏதாவது கேளுங்க."

அன்றிலிருந்து தொண்டு தூள் பறந்தது. ஊழியர்களுக்கு மதியச் சாப்பாட்டை அவரே பரிமாறினார். அதைப் படம் எடுத்து முடிக்கும்வரை யாரும் சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது. ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டு எல்லோரும் கைதட்டவும் வேண்டும். வயிறு எரிய எரியக் கைதட்டுவது லேசுப்பட்ட காரியமா என்ன?

ஒருநாள் முதலாளியம்மா இதையெல்லாம் பார்க்க வந்தார். விருந்து மண்டபத்திலிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்று சலவை அறைக்கு வந்தது. தொண்டர் அக்காவை அதில் உட்காரவைத்து, மண்டிபோட்டுத் தண்ணீர் நீட்டினார். படமும் எடுத்தாயிற்று.

"எந்திரிங்கக்கா, நாற்காலி மண்டபத்துக்குப் போகணும்," என்று காதோரம் கிசுகிசுத்தார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னொரு டம்ளர் தண்ணி குடுங்க சார்," என்றாள், முதலாளியம்மா காதில் விழும்படி.

"எவ்வளவு உரிமையா கேக்கறாங்க பாருங்க!" முதலாளியம்மா பூரித்துப்போனார்.

தொண்டர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். தண்ணீர் வந்தது. அதைக் குடித்துவிட்டு அக்கா மறுபடியும் கேட்டாள். அவர் போய்வருவதற்குள் விரிப்பு ஒன்றை இழுத்துப்போட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"நாற்காலி இங்கயே இருக்கட்டுமே," என்றார் முதலாளியம்மா.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன் மேடம்," என்றார் தொண்டர், டம்ளரும் கையுமாக.

மறுநாள் நாற்காலியில் முதுகு சாய்க்கும் இடத்தில் ஒரு பித்தளைத் தகடு முளைத்திருந்தது. 'ஊழியர் நலனுக்காக' என்று சின்னதாக, அதன் கீழே மேனேஜர் பெயர் பெரிதாக.

"அவன் பேரப் போட்டுக்கிட்டானா? உனக்குக் கோவம் வரலையா?" என்று அன்றைக்கு வீட்டில் கணவன் கொதித்தான்.

"எதுக்கு? சாஞ்சு உக்காந்தா மறைஞ்சுடுது," என்றாள் அக்கா.