கேப்டன் வாங்கிய எஞ்சின்

நாத்தனார் கிளம்பிப் போனதைக் கேப்டன் கண்ணாடியில்தான் பார்த்தாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன். துறையில் கட்டிய படகின் ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே, பின்னால் கயிற்றில் வருபவரைக் கவனிக்க மாட்டியிருந்த அகலக் கண்ணாடி. அதற்குள், தலையைத் துவட்டாமல், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நாத்தனார் சிறுத்துக்கொண்டே போனாள். கேப்டன் கழுத்தைத் திருப்பவில்லை. அவள் எதற்கும் திருப்புவதில்லை. கடைத்தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால்கூட முதலில் எதிர்க் கடையின் கண்ணாடிக் கதவைத்தான் பார்ப்பாள்.

தொழில் அப்படி. படகு முன்னால் ஓடும். பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்ட ஒருவர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் வருவார். படகு கிளப்பும் அலைமேல் ஏறிச் சறுக்குவார், துணிச்சல் இருந்தால் துள்ளுவார். வேக்போர்டிங் என்று இதற்குப் பெயர். அலை பெரிதாக எழுவதற்காக இந்தப் படகுகளின் வயிற்றில் தொட்டிகள் வைத்திருப்பார்கள். ஏரித் தண்ணீரையே அவற்றில் நிரப்பி, படகை வேண்டுமென்றே கனமாக்கி, விருந்து சாப்பிட்ட ஆள் நாற்காலியில் அமுங்குவதுபோல் அமுக்குவார்கள். அந்த ஏரியில் படகை ஓட்டுவதும் கற்றுக்கொடுப்பதும் கேப்டன் ஒருத்திதான்.

ஆள் ஒல்லிக்குச்சி. வெயிலில் வெளுத்த தொப்பி, மூக்கில் எப்போதும் வெள்ளைக் களிம்பு. பேச்சு குறைவு, சைகை அதிகம். கயிற்றில் வருபவர் கட்டைவிரலைக் கீழே காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்ப வேண்டும். கேப்டன் இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கட்டைவிரல் கீழே போனால் தொலைக்காட்சியின் சத்தம் குறையும். யார் வீட்டிலாவது உட்கார்ந்திருக்கும்போது அவள் தலையைத் தட்டிக்கொண்டால், கணவர் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். “எல்லாத்துக்கும் சைகை இருக்கு. ‘தப்பு என்மேல’ன்னு சொல்றதுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல” என்பது அவருடைய நெடுநாள் குறை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர்.

நாத்தனார் அவருடைய தங்கை. பேக்கரி நடத்துகிறாள். மாவுச் சட்டியைத் தனியாகத் தூக்கி வைக்கும் தோளும், அதற்கேற்ற உடம்பும். மூன்று கோடைகளாக ஞாயிறுதோறும் வந்து, தண்ணீரில் மல்லாந்து, கயிற்றைப் பிடித்து, பலகையில் ஒரே ஒரு தரமாவது எழுந்து நின்றுவிட வேண்டும் என்று பாடுபட்டாள். படகு கிளம்பும், அவள் எழும்பமாட்டாள். ஏரியைக் குடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் இழுபட்டுக் கயிற்றை விட்டுவிடுவாள். அவளுக்குப் பின்னால் கற்க வந்த தபால்காரர் இரண்டாம் நாளே நின்றார். கேப்டனிடம் ஒரே மருந்துதான் இருந்தது: “முழங்காலை மடக்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இருமி முடித்துவிட்டு, துறையின் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: “என் முழங்கால்ல ஒண்ணும் கோளாறில்ல அண்ணி. உங்க படகுலதான் தெம்பில்ல.”

“இந்தப் படகு ஊரையே இழுத்திருக்கு.”

“ஊரு ஒல்லியா இருக்கு அண்ணி.”

இனிமேல் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கையில் எடுத்தாள். சொன்னபடியே வரவுமில்லை. அண்ணனுக்குக் கொண்டுவரும் பன் பொட்டலம்கூட வீட்டுக்கு வருவது நின்று, நேராக அவருடைய கடைக்குப் போகத் தொடங்கியது.

பழைய படகைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதென்று முன்பே முடிவாகியிருந்தது. ஷோரூமில் கேப்டன் நிறத்தை மூச்சு விடும் நேரத்தில் தேர்ந்தெடுத்தாள். இருக்கைத் துணியைத் தேர்ந்தெடுக்கக் கணவருக்குப் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தாள். எஞ்சினில் வந்து வண்டி நின்றது. ஒரே படகுக்கு மூன்று எஞ்சின்கள்: சின்னது, நடுத்தரம், பெரியது. சின்னது ஏறக்குறைய பழைய படகின் பலம்தான்.

“சின்னது போதும்” என்றாள் கேப்டன். “மணிக்கு முப்பத்தஞ்சைத் தாண்டவே மாட்டேன். பந்தயமா விடப்போறேன்?”

விற்பனைப் பெண் பொறுமையாக விளக்கினாள். பெரிய எஞ்சினை வேகத்துக்காக யாரும் கேட்பதில்லை. தொட்டிகள் நிறைந்து, இருக்கைகளும் நிறைந்து, பின்னால் கயிற்றிலும் ஓர் ஆள் கனக்கும்போது, கிளம்புகிற அந்த முதல் இழுப்புக்குத்தான் பலம் வேண்டும் என்றாள். வேறு ஊரின் வானிலை அறிக்கையைக் கேட்பதுபோல் கேப்டன் கேட்டுக்கொண்டிருந்தாள். “பெரிசாவே எடுத்துட்டா என்ன?” என்று கணவர் தொடங்கினார். கட்டைவிரல் கீழே போனது.

ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. நாத்தனார் சொன்னது குறுக்கே நின்றது. சின்னதை வாங்கினால், படகில் பழுதில்லை, எல்லாம் முழங்காலின் வேலை என்று ஆகும். பெரியதை வாங்கினால், மூன்று கோடையும் ஒரு பெண்ணை வீணாகத் தண்ணீர் குடிக்கவைத்து, அதற்கு அவள் முழங்காலையே திட்டியதாக ஆகும். அதை அவளிடம் போய்ச் சொல்லவும் வேண்டியிருக்கும்.

“ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

அடுத்த வாரம் கடைக்காரர்கள் ஒரே மாதிரிப் படகுகள் இரண்டை ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றில் சின்ன எஞ்சின், இன்னொன்றில் பெரியது. கேப்டன் இரண்டிலும் தொட்டிகளை நிரப்பச் சொன்னாள். கரையில் வேடிக்கை பார்த்தவர்களையெல்லாம் கூப்பிட்டு இருக்கைகளையும் நிரப்பினாள். “காலிப் படகை யார் வேணா ஓட்டலாம். கயித்துல ஆள் வேணும்” என்று சொல்லி, கணவரை மேலும் கீழும் பார்த்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. அதே தோள், அதே கனம், அதே முழங்கால். சின்ன எஞ்சின் இவரைத் தூக்கிவிட்டால் வழக்கு முடிந்தது.

இத்தனை வருடத்தில் அந்த ஏரியில் கணுக்கால்கூட நனைத்திராத மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி விற்பனைப் பெண்ணிடம் கொடுத்தார். அது இல்லாவிட்டால் அவருக்கு அக்கரையும் இக்கரையும் ஒன்றுதான். படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கினார்.

சின்ன எஞ்சின் உறுமியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நகர்ந்தது. கண்ணாடியில் கணவர் இல்லை, நுரைதான் இருந்தது.

“முழங்காலை மடக்குங்க” என்றாள் ஒலிபெருக்கியில்.

“மடக்கித்தாம்மா வச்சிருக்கேன்” என்று நுரைக்குள்ளிருந்து பதில் வந்தது. “இதுக்கு மேல மடக்கினா மூக்குக்கண்ணாடிப் பெட்டியிலதான் வைக்கணும்.”

இன்னொரு முறை. மறுபடியும் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் நுரை, இருமல், கையைவிட்டுப் போன கயிறு. தங்கை இருமுவதும் இப்படித்தான். கேப்டன் அடுத்த படகுக்கு மாறினாள். அதே தொட்டிகள், அதே கூட்டம், அதே கயிறு, அதே கணவர். விசையைத் தள்ளினாள்.

டோஸ்டரிலிருந்து ரொட்டி எழும்புவதுபோல் அவர் தண்ணீரிலிருந்து எழும்பினார். முழங்கால்கள் இரண்டும் கம்பம் மாதிரி விறைத்திருந்தன. இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். கேப்டன் கற்றுக்கொடுத்த பாடம் அத்தனைக்கும் நேர் எதிராக, நட்டுவைத்ததுபோல் நின்றார்.

“நான் நிக்கிறேனா?” என்று கத்தினார். பாவம், அவருக்குத் தெரியவில்லை. “யாராவது சொல்லுங்க, நான் நிக்கிறேனா?”

கண்ணாடியில் தெரிந்த அந்தத் தோள்களைக் கேப்டன் பார்த்தாள். பிறகு, படகில் இருந்தவர்கள் அதுவரை கண்டிராத ஒன்றைச் செய்தாள். கழுத்தைத் திருப்பி, நேராகப் பின்னால் பார்த்தாள்.

“நிக்கிறீங்க” என்றாள். ஒலிபெருக்கியை எடுக்க மறந்துவிட்டதால் அது அவருக்குக் கேட்கவில்லை.

பெரிய எஞ்சினுக்குத்தான் கையெழுத்துப் போட்டாள். விற்பனைப் பெண்ணிடம், இந்த ஏரியில் காற்று அதிகம் என்று காரணம் சொன்னாள். தபால்காரரிடம், பிற்காலத்தில் விற்கும்போது நல்ல விலை போகும் என்றாள். கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், காருக்குள் தலை துவட்டிக்கொண்டே அவர் கேட்டார்: “தங்கச்சிகிட்ட நான் சொல்லட்டுமா?”

“நீங்க சொல்லக்கூடாது.”

“அப்ப யாரு சொல்றது?”

கேப்டன் கார்க் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

படகு தயாராகி வர ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. அதற்குள் கேப்டன் சில தடவை பேக்கரிக்குப் போனாள். வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் “நல்லா இருக்கியா?” என்றாள். “இருக்கேன் அண்ணி” என்றாள் நாத்தனார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். ரொட்டியோடு திரும்பி வந்தாள். வீட்டில் யாரும் முடிக்காத ரொட்டிகள் சேர்ந்தன.

புதுப் படகு வந்தது. கணவருக்குப் பேசத்தான் தடை, பலகை ஏறத் தடையில்லை. ஒருமுறை நின்ற ருசி விடவில்லை. நல்ல வெயில் நாளொன்றில் அவர் விறைத்தபடியே ஏரியைச் சுற்றி வந்ததைத் தபால்காரர் படம் பிடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். கடிதம் கொடுக்கும் வேலையைவிட இதை வேகமாகச் செய்தார்.

அதற்கும் பல நாள் கழித்து, படகைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் கேப்டனின் கைபேசி அதிர்ந்தது. நாத்தனார் எழுதியிருந்தாள்: “அண்ணனே நிக்குது. அப்ப இத்தனை நாளும் எஞ்சின்தானா அண்ணி?”

கேப்டன் கையைத் துடைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்தாள். காற்றைப் பற்றி எழுதி அழித்தாள். பழைய படகின் வயதைப் பற்றி எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் ஒற்றை விரலால் தட்டினாள்: “ஆமா. உன் முழங்கால்ல ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை வா.”

அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள். சாமான் அறைக்குள் போய், அடியில் கிடந்த பெரிய அளவு மிதவைச் சட்டையைத் தேடி எடுத்தாள். அதை இரண்டு தரம் உதறி, வெயில் நன்றாக விழும் இடம் பார்த்துக் காயப் போட்டாள்.