வளையல் ஏறாத கை

தண்டோராச் சத்தம் அடங்கியதும் நல்லம்பள்ளியில் எங்கள் தாய்சேய் நிலையத்து வாசல் நிறைந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள்! தாய்மார்களுக்கு ஆரோக்கிய விளக்கம் என்றுதான் கூவச் சொல்லியிருந்தோம். தாய்மார்களோ கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யுத்த காலம் அது. பிரசவம் பார்க்கும் நர்ஸம்மாவுக்கு உதவியாளாக நான் சேர்ந்த புதிது. எனக்கு அழுகை முட்டியது, அவருக்கோ சிரிப்பு. விளக்கத்துக்கு மாட்டியிருந்த படங்களைச் சுருட்டி என் கையில் திணித்தார். "நாம கூப்பிட்டா வர மாட்டாங்க. அவங்களே கூடுற எடம் எது, சொல்லு" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? எங்கள் வீட்டில் அண்ணிக்கு வளைகாப்பு வைத்திருப்பதைச் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நல்ல காரியத்துல ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்குடி?" என்றாள். நர்ஸம்மா வெள்ளைச் சேலையை விட்டுவிட்டுப் பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்து, பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்தார். வளையல்காரம்மா அண்ணியின் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். வளையல் ஏறவில்லை. "தேவுடா! பொங்கலுக்கு இதே அளவுதானே போட்டேன்?" என்றாள். "மாமியா வூட்டுச் சோறு ஒடம்புல ஒட்டிடுச்சு" என்று கூட்டம் கேலி செய்தது. அண்ணியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து தலை பிளக்கிறதாம்.

நர்ஸம்மா எழுந்து போய் அண்ணியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பின்பும் குழி அப்படியே நின்றது. "இது சதை இல்லீங்க, வீக்கம். இப்பவே தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகணும். விட்டா வலிப்பு வந்துரும். ரெண்டு உசுருக்கும் ஆபத்து" என்றார். அம்மாவோ பிடித்த பிடியை விடவில்லை. "வளையல் போட்ட கையோட அவ தாய்வூட்டுக்குத்தான் போகோணும்!" நர்ஸம்மா குரலை உயர்த்தவே இல்லை. "தாய்வூட்டுக்கே போகட்டும் ஆத்தா. ஆஸ்பத்திரி வழியா போகட்டும்." அண்ணன் வண்டியைக் கட்டினார். என்னைத் திட்டிக்கொண்டே அம்மாவும் ஏறிக்கொண்டாள்.

அண்ணி பிழைத்தாள், குறைமாதத்தில் பிறந்தாலும் பெண் குழந்தையும் பிழைத்தது. சேதி வந்த அன்று நர்ஸம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மணிக்கணக்காகப் பேசவிருந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, வளையல்காரம்மாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு பேச்சைச் சொல்லிக்கொடுத்தார்: "மாசமா இருக்கறவளுக்கு முன்ன ஏறுன வளையல் இப்ப ஏறலியா? வண்டி கட்டு!" மாசமான பெண்ணின் கையை வளையல்காரம்மாவைப்போல வீடுவீடாகத் தொட்டுப் பார்ப்பவர் வேறு யார்? அவள் போன ஊருக்கெல்லாம் அந்தப் பேச்சும் போயிற்று. இன்று சுவரெல்லாம் சுகாதார விளம்பரம் பார்க்கிறேன். அன்றைக்கு எங்களுக்கு அந்த ஒரு வாய்தான்.

ஒரு நாள் கடத்தூர்ச் சந்தைக்குப் போன அம்மா மூச்சிரைக்க நிலையத்துக்குள் நுழைந்தாள். "புளி விக்கிற வத்தல்மலைக்காரி ஒருத்தி எனக்கே சொல்றாடி! வளையல் ஏறலீன்னா தூளி கட்டோணுமாம். வண்டின்னு சொல்லுன்னேன். 'எங்க மலையில வண்டி எங்கீங்க ஏறும்? மூங்கில்ல தூளி கட்டித்தான் தூக்கியாரோணும்'ங்கறா!"

நர்ஸம்மா துள்ளி எழுந்தார். அந்த மலையில் அவர் கால் வைத்ததே இல்லை. "நம்ம பேச்சை அவங்களுக்கு ஏத்தாப்புல மாத்திக்கிட்டாங்களா! மாத்திக்கிட்டாங்களா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பப்பா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

மழைக்காலம் தொடங்கும்போது நிஜமாகவே மலையிலிருந்து ஒரு தூளி வந்து இறங்கியது. உள்ளே இருந்தவளை நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு கையில் வளையலைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய மறுகையை எங்கள் முன் நீட்டினாள். நான் வாயைப் பிளந்து நின்றேன். நர்ஸம்மா அதட்டினார்: "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடு, வண்டியைக் கட்டச் சொல்லு!"