பாலத்துக்குப் போகிறவர்கள்

பண்டாரவளையோடு நின்றிருந்த ரயிலைப் பதுளைக்குக் கொண்டுவருவதற்காக மலையை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், என்னை ஒரு பாலத்துக்குக் காவு கொடுக்கப்போகிறார்கள் என்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் வேறொரு பிள்ளையைச் சொன்னார்கள். இரண்டையும் நம்பாதவர் அப்பா ஒருவர்தான். அவர் ரயில் வெட்டில் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"காவு குடுக்கணும்னா கங்காணி வீட்டுப் புள்ளயக் குடுக்கட்டும். அதுதான் கொழுகொழுன்னு இருக்கு. நம்ம வீட்டு எலும்ப வாங்கிக்கிட்டு அந்தப் பாலம் என்னா செய்யப்போகுது?" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிப்பார். அத்தை அடுப்பங்கரையில் இருந்தபடியே காதைப் பொத்திக்கொள்வாள். கணவனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்த அப்பாவின் அக்கா அவள். இந்த மாதிரி விஷயங்களில் லயத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

விஷயம் இதுதான். ரயில் பாதைக்காக மலையை வெட்டியதில், மேல் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பழைய தடம் அறுந்துபோயிற்று. புதிய தடம் ஒரு பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். பள்ளத்தின் அடியில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் அது இருப்பதே தெரியாது. மழைக்காலத்தில் ஆள் பேசுவதுபோல் சத்தம் போடும். அதன்மேல் ஒரு மரப்பாலம் போட வேண்டும். ரயில் வேலைக்கு வந்திருந்த என்ஜினியர் துரை அதைத் தாமே கட்டாமல், தம்மிடம் வேலை பழக வந்திருந்த நான்கு மாணவர்களிடம் விட்டுவிட்டார்.

நால்வரில் ஒருவர்தான் தமிழர். யாழ்ப்பாணத்து ஐயா என்று அவரைச் சொல்வோம். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. மற்ற மூவரும் தங்களுக்குள் இங்கிலீசில் பேசிக்கொள்வார்கள். அவர்கள் வந்த அன்றே துரை அவர்களுடைய புத்தகங்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் என்று அப்பா சொன்னார். "புஸ்தகம் பொறகு, மொதல்ல கை" என்றாராம், அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததெல்லாம் மந்திர வேலை போலவே இருந்தது. வெட்டிப் போட்டிருந்த மரங்களைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்கள். பள்ளத்தின் கரையில் குப்புறப் படுத்து மண்ணோடு காதை ஒட்டிக்கொண்டார்கள். பிளந்த மூங்கில் பிளாச்சுகளால் முழ நீளத்துக்குச் சின்னச் சின்னப் பாலங்கள் கட்டினார்கள். கட்டியதும் ஒருவர் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார்கள். அவர் கையை அந்தப் பாலத்தின்மேல் வைத்திருக்க, இன்னொருவர் அதில் ஒவ்வொரு கல்லாக வைப்பார். யாரும் பேசக் கூடாது. உடைவதற்கு முன்னால் கண் கட்டியவர் "போதும்" என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் படாரென்று முறியும். துரை சுருட்டைப் பிடித்தபடி, "கை என்னா சொல்லிச்சு?" என்று கேட்பார். மறுபடி கட்டச் சொல்வார்.

கொழுந்துக் கூடையோடு கடந்துபோகும் பெண்கள் இதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். "என்னா காவு கேக்குதுன்னு அதுக்கிட்டயே கேக்குறாங்கடி" என்றாள் அத்தை.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். பயந்தவர்களிலேயே நான்தான் அதிகம் பயந்தேன். அதனாலேயே தினமும் போய்ப் பார்த்தேன். ஒருநாள் மத்தியானம், பசறைப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து மலையை மூடிக்கொண்ட நேரம். யாழ்ப்பாணத்து ஐயா தனியாக ஒரு மூங்கில் பாலத்தின் முன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "பயப்பிடாதை, வா. கையை வை" என்றார்.

வைத்தேன். அவர் ஒரு கல்லை வைத்தார். பிறகு இன்னொன்று. முதலில் ஒன்றுமில்லை, வெறும் மூங்கில்தான். பிறகு உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. சினை ஆட்டின் வயிற்றைத் தொட்டால் உள்ளே குட்டி திரும்புமே, அதுபோல் அந்தக் காய்ந்த மூங்கிலுக்குள் ஏதோ திரும்பிப் படுத்தது. நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அடுத்த நொடியே பாலம் முறிந்து கற்கள் சிதறின.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சிட்டுது, என்ன?" என்றார், மெதுவாக.

நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். பாலத்துக்கு உயிர் இருக்கிறது; அது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளத்தின் இரு கரைகளிலும் கல்லால் சுவர் எழுப்பி, அவற்றின்மேல் இரண்டு நீண்ட மரங்களைக் கிடத்திப் பலகை அடித்தார்கள். வேலை முடியும் தறுவாயில் நால்வரும் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். கொழுந்து நிறுக்கும் தராசைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அம்மாவையும் சேர்த்துக் கூடை சுமந்த பெண்களை நிறுத்தார்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். என்னைக் கொக்கியில் தொங்கிய சாக்கில் உட்காரவைத்துத் தூக்கியபோது, கால் தரையில் படாமல் ஆடியது. அத்தை ஓடி வந்து சாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைங்கள எதுக்கு சாமி நிறுக்குறீங்க?"

யாழ்ப்பாணத்து ஐயா சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார். "பாலத்துக்கு ஆர் ஆர் போவினம் எண்டு எங்களுக்குத் தெரியவேணும், அம்மா."

அத்தை சாக்கை விட்டுவிட்டாள். அன்று மாலையே மாரியம்மனுக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டாள். என் கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது.

அதன் பிறகு விடாமல் மழை. மழை விட்ட அன்று மத்தியானம் பாலத்தைச் சோதிக்கப்போவதாகக் கங்காணி வந்து சொன்னார். தோட்டத்துச் சனம் முழுவதும் வர வேண்டும், பிள்ளைகளும்தான். அத்தை என்னை விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அப்பா வந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

பனிமூட்டத்தில் அக்கரை தெரியவில்லை. பாலம் பாதி வரைக்கும் போய் வெள்ளைக்குள் முடிந்துபோனது போலிருந்தது. முதலில் கல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார்கள், அசையவில்லை. பிறகு துரை ஏதோ சொன்னார். நான்கு மாணவர்களும் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். கட்டியவர்கள் கீழே நிற்க வேண்டும், மற்றவர்கள் மேலே நடக்க வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம் என்றார் கங்காணி. பனிக்குள் அவர்களுடைய தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுவருக்கு இருவராகக் கையை வைத்து நின்றுகொண்டார்கள். துரை மேலே கரையில் நின்றார்.

பெண்கள் கூடையோடு நடந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் நான். ஈரப் பலகை. கீழே ஓடை பேசிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், உள்ளங்காலில் அது ஊர்ந்தது. மூங்கிலுக்குள் திரும்பிப் படுத்த அதே உயிர், இப்போது பெரிதாக, மெதுவாக. நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவள், "நட புள்ள" என்று முதுகில் தள்ளினாள். கால் எழவில்லை.

அதே நேரம் கீழேயிருந்து யாழ்ப்பாணத்து ஐயாவின் குரல் வந்தது.

"நில்லுங்கோ! ஒருத்தரும் வராதேங்கோ! திரும்பிப் போங்கோ, ஓடுங்கோ!"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். கூடைகள் ஒன்றோடொன்று மோதின. கீழே மற்ற மூவரும் ஓடைக்குள் குதித்து விலகும் சத்தம் கேட்டது. அந்தக் குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசிக் கால் பலகையை விட்டு இறங்கும்வரை, "ஓடுங்கோ, ஓடுங்கோ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. அந்தக் கடைசிக் கால் அம்மாவுடையது.

பெரிய சத்தம் என்று எதுவும் கேட்கவில்லை. ஈரச் சாக்கு மூட்டையை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துச் சுவர் மண்ணோடு பள்ளத்தில் சரிந்திருந்தது. மரங்களின் ஒரு முனை கீழே தொங்கியது. ஓடை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி பேசத் தொடங்கியது.

அப்பாவும் கல் உடைப்பவர்களும் இறங்கித் தோண்டினார்கள். இருட்டுவதற்குள் அவரை மேலே கொண்டுவந்தார்கள். முகத்தில் அடியில்லை. கைகள் இரண்டும் முன்னால் நீட்டி, விரல்கள் விரிந்தபடியே இருந்தன. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே நின்றார்.

அத்தை ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் என்னை மடியில் இழுத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "வாங்கிக்கிச்சு. இனி அது ஒண்ணும் செய்யாது."

லயத்துப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். திருநீறு பூசினார்கள். கேட்டது என்னை, எடுத்தது அவரை என்று பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன். இரவில் உள்ளங்காலைச் சுவரில் வைக்கவே பயமாக இருக்கும்.

மற்ற மூவரும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். அவர்கள் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஐயாவுடைய அப்பா வந்து, பள்ளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மூவரும் மண்ணை வாரத் தொடங்கினார்கள். இந்தத் தடவை சுவரில் வரிசையாக ஓட்டைகள் விட்டுக் கட்டினார்கள். மழை பெய்தால் அந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் ஒழுகும். பாலம் அழுகிறது என்றாள் அத்தை. மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கி நின்று தள்ளியதும், அது வெளியேற வழியில்லாமல் போனதும்தான் முதல் சுவரைச் சாய்த்தன என்பது பிற்காலத்தில், ரயிலில் வேலைக்குச் சேர்ந்த என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அது அழுகை என்றே இருந்தது.

இரண்டாம் சோதனை நல்ல வெயிலில் நடந்தது. யாருக்கும் பயமில்லை. காவு வாங்கிய பாலம் என்று சனம் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தது. துரை அன்று மாணவர்களை முதலில் அனுப்பவில்லை. சுருட்டைத் தூக்கிப் போட்டார். சப்பாத்தைக் கழற்றினார். வெள்ளை வெளேரென்ற பாதங்களோடு, தடுமாறித் தடுமாறித் தாமே முன்னால் பள்ளத்தில் இறங்கினார். மூவரும் அவருக்குப் பின்னால் போனார்கள். கீழே போய் இரண்டு கைகளையும் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் அத்தனை பேரும் அவர் தலைக்கு மேலே நடந்து அக்கரை போய்ச் சேரும்வரை அப்படியே நின்றார்.

நான் அக்கரையிலிருந்து எட்டிப் பார்த்து அம்மாவிடம், "தொரை என்னா தேடுறாரு?" என்று கேட்டேன்.

அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு மேலே நடந்தாள். செத்துப்போன ஐயாவை அந்தச் சுவருக்குள்தான் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், துரை அவரைத் தடவிப் பார்க்கிறார் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.