நோராவை ஏற்றி இறக்கிய கிழமை

வென்றவளையும் தோற்றவளையும் ஒரே வான் வண்டியில் ஏற்றி, இரண்டு பேரிடமும் ஒன்றுமே கேட்காமல் ஓட்டுவதுதான் ரெனிஸ் போட்டிச் சாரதியின் வேலை. பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிற, வாய் சும்மா கிடவாத எனக்குப் போன கோடையில் கிடைத்தது அந்த வேலைதான். ஹொட்டேலில் இருந்து மைதானம், மைதானத்தில் இருந்து ஹொட்டேல். விடுமுறை வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற சக தோழர்களே, இது உங்களுக்கு.

கேட்கக் கூடாத கேள்வி

ஆட்டம் எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. இதைத்தான் முதல் நாளே சொல்லித் தந்தார்கள். எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்து பாருங்கள்! எங்கள் சனம் நிறைந்த டோர்செட் பார்க்கில் நான் வாடகைக்கு இருக்கிற கட்டடத்தில், லிஃப்டில் ஏறினால் ஏழாம் மாடி வருவதற்குள் பரீட்சை, சம்பளம், கலியாணம் மூன்றையும் கேட்டு முடித்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் தனியாக ஒரு பெண் ஏறினா. அயர்லாந்துக்காரி, பெயர் நோரா, முப்பதை எட்டப்போகிற வயது. ராக்கெட் பையைப் பக்கத்துச் சீற்றில் இருத்தி, அதற்கும் பெல்ற் போட்டுவிட்டா. பழக்கதோஷம், நான் கேட்டுவிட்டேன். வான் நெடுஞ்சாலை ஏறியது. பிறகு சொன்னா. சொன்னது இங்கிலிஷில்தான், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "தோத்துப்போனன். கனநாளா ஒருத்தரும் என்னட்டை இதைக் கேக்கேல்லை."

எத்தினையாம் ஆள்?

பெரிய ஆட்டக்காரிகள் பயிற்சியாளர், தகப்பன், கால் பிடித்துவிட ஒரு ஆள் என்று கூட்டமாக வருவார்கள். நோராவுக்கு அந்தப் பைதான். பிரதான போட்டிக்குள் நுழைவதற்கே தகுதிச் சுற்று ஆட வேண்டிய இடத்தில் பத்து வருடமாக நிற்கிறா. கிழமைக்கு ஒரு நகரம். பயிற்சிக்குக்கூட யாராவது ஆள் இல்லாமல் தனித்து நிற்கிறார்களா என்று தேடித் திரிவா.

மைதான வாசலில் காவல் நிற்கிற சிவமண்ணை ஒருநாள் கேட்டார்: "பிள்ளை, உவ எத்தினையாம் ஆள்?" உலகத்தில் இருநூறாவது அளவில் என்றேன். சிரிக்கப்போகிறார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உலகத்திலை இருநூறு எண்டால் பகிடியே? நான் இந்தக் கேற்றிலையே இரண்டாவது ஆள்."

காத்திருக்கிற உத்தியோகம்

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். பிரதான போட்டியில் யாராவது முதல் ஆட்டத்துக்கு முன்பே விலகினால், அந்த இடம் இவர்களில் ஒருத்திக்கு. வரிசையில் முதல் ஆள் நோரா. அதனால் காலையிலேயே வந்து, உடுப்பு மாற்றி, சப்பாத்துக் கட்டி, யாரும் பேசாத ஒரு மூலையில் இருப்பா.

அந்தக் கிழமை அவவுக்குச் சும்மா கிழமை இல்லை. அவவின் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் விளையாட்டு ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. இடம் கிடைத்தால் இன்னும் ஒரு வருடம் ஆடுவது, இல்லாவிட்டால் பள்ளிக்கூடம். எனக்குக் கோபம் வந்தது. மற்றவளுக்குக் கால் முறிய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தொழிலா என்று கேட்டேன். நோரா ஆறுதலாகச் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினா. "முறியத் தேவையில்லை. சுளுக்கினாலே காணும்."

சுளுக்கின கால்

சுளுக்கியும்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை, நோராவோடு ஒரு செக் நாட்டுப் பெட்டையும் வானில் ஏற வந்தாள். மத்தியானம் அவளுக்கு முதல் ஆட்டம். கணுக்கால் தோடம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. நான் ஒரு கையைப் பிடிக்க, நோரா மற்றக் கையைப் பிடித்து ஏற்றினா.

விலகுகிறேன் என்று அவள் சொன்னால் இடம் நோராவுக்கு. சொல்லாமல் ஆட்டத்தில் இறங்கி, ஒரு பந்து அடித்துவிட்டு நிறுத்தினாலும், முதல் சுற்றுப் பணம் அவளுக்கு, நோராவுக்கு இடம் இல்லை. விதி அப்படி. வழி முழுக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் ஆட்டத்தில் இறங்கினாள், மூன்று கேம் நொண்டினாள், கை கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு வேறு யாரும் விலகவில்லை.

திரும்புகிற வழியில் நான் கத்தினேன். இது பகல் கொள்ளை, விதியை எழுதினவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும், எல்லாவற்றையும்விட நீங்கள் ஏன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நோரா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னா: "அவளுக்குப் பத்தொன்பது வயசு. அவளும் தனியத்தான் வந்தவள். கேட்டிருந்தால் விட்டுத் தந்திருப்பாள். அதுதான் கேக்கேல்லை."

வழியனுப்பல்

எங்கள் சனத்தில் ஒருவர் கொழும்புக்குப் போனால் விமான நிலையத்துக்கு இரண்டு வான் போகும், அழுவதற்கென்றே ஒரு அன்ரி வருவா. தோற்ற ஆட்டக்காரியை வாசலில் இறக்கிவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்பது எங்களுக்கு இருந்த உத்தரவு. நான் வானைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நோராவின் பையைத் தூக்கிக்கொண்டு அவவோடு உள்ளே போனேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஓம் சொல்லியாகிவிட்டது. காலையில் ஹொட்டேல் ஃபோன் பூத்திலிருந்து எடுத்துச் சொன்னாவாம். நான் விடுவேனா? வரிசை நகர நகர வாதாடினேன். பத்து வருட உழைப்பு, ஒருத்தியின் கணுக்கால், ஒரு முட்டாள் விதி, இதற்காகவா விடுவது? நோரா கடைசிவரை கேட்டா. என்னிடமிருந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னா: "அங்கை நான் தோத்தாலும், அடுத்த நாள் அதே ஆக்களைத்தான் பாப்பன்."

ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றே ஆக வேண்டிய அந்தக் கிழமையின் முடிவில், வானில் ஒரு கீறலும் விழாமல் ஓட்டியதற்காக எனக்கு ஒரு தொப்பி பரிசாகக் கிடைத்தது.