பிள்ளையாரைச் சுற்றிய இங்கிலீஷ்

பாலக்கோடு தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கிற அந்தம்மாவை எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில்தான் பார்ப்பேன். ஒல்லியான உயரம், தக்காளிக் கறை போகாத விரல்கள். சாமி சுற்றும்போது நாங்களெல்லாம் சாமி பேரைச் சொல்ல, அந்தம்மா மட்டும் "வாஷ், வாஷ்டு, வில் வாஷ், குக், குக்டு, வில் குக்" என்று முணுமுணுக்கும். செல்போனில் பார்த்து இங்கிலீஷ் படிக்குதாம்.

"சாமி சுத்தும்போது இதெல்லாம் சொல்லலாங்களா?" என்றேன்.

"அவருக்கு எல்லா பாஷையும் தெரியுங்க. எனக்குத்தான் தெரியல" என்று சிரித்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அமெரிக்காவில் பிறந்த என் பேத்திக்கு, என்னை "ஆயா" என்று கூப்பிடுவதைத் தவிர தமிழ் வராது. அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்று நானும்தான் தினம் விளக்கு போடுகிறேன். "ஹலோ கண்ணு"வுக்கு மேல் நாக்கு புரளவில்லை.

சில மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலில் இருக்கும்போதே பேத்தி வீடியோவில் வந்தாள். நான் திணறவே, அந்தம்மா பக்கத்தில் வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டது. பிள்ளை கலகலவென்று பேசினாள். என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

போனை வைத்ததும் கேட்டேன், "என்னங்க சொன்னா?"

"ஆயா ஏன் பேசறதில்ல, எம்மேல கோவமான்னு கேக்குதுங்க பாப்பா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உம்மேல உசுரையே வெச்சிருக்காங்கன்னு சொன்னேன்."

நிஜம்தான். அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. ஆனாலும், அந்த வார்த்தையை என் வாயில் வரவைக்காமல் அந்தம்மா வாயில் ஏனப்பா வைத்தாய் என்று பிள்ளையாரிடம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.