எந்த மோடம் நல்லது, மேடம்?

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் மோடம் விற்பது என்றால், பாதி நாள் டெலிபோன் லைனைத் திட்டுவது, மீதி நாள் அந்த லைனுக்காக நாம் திட்டு வாங்குவது. வீட்டு டெலிபோன் வயரை மோடத்தில் செருகி, கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்ய வேண்டும். அது 'கீ...ங்' என்று அலறி முடித்ததும் இன்டர்நெட் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அந்த அலறலோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டாம். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிக் கடையில் மூன்று வருஷம் எனக்கு இதுதான் வேலை. மோடத்தை விற்பேன், பிறகு ஸ்கூட்டியில் போய் நானே மாட்டியும் கொடுப்பேன்.

உள்ளேயா, வெளியேயா?

மோடத்தில் இரண்டு ஜாதி. ஒன்று கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்துகிற அட்டை. இன்னொன்று வெளியே தனியாக உட்கார்ந்திருக்கும் பெட்டி. அதன் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். மயிலாப்பூரில் ஒரு ரிட்டயர்டு கணக்குப் பேராசிரியர், இரண்டின் குணநலன்களையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதி, உள்ளே பொருத்துவதே உத்தமம் என்று முடிவு செய்து வைத்திருந்தார். நானும் சரியென்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அவர் மனைவி கோமளம் மாமி சமையலறையிலிருந்து வந்தார். "இவர் இதுல உக்காந்துண்டிருக்கச்சே ஃபோன் வந்தா என்னாகும்?" என்றார். என்கேஜ்டு என்று வரும் என்றேன். மாமியின் முகம் வாடிவிட்டது. பெண்ணுக்கு அமெரிக்காவில் பிரசவ நேரம். எந்த நிமிஷமும் மாப்பிள்ளை கூப்பிடலாம். "கேட்டா 'இதோ விட்டுட்டேன்'பார், விட்டிருக்க மாட்டார்" என்றார் மெதுவாக. பேராசிரியர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வெளிப்பெட்டியில் லைன் பிடித்திருக்கும் வரை ஒரு விளக்கு எரியும், விட்டால் அணைந்துவிடும் என்று சொன்னேன். "அடுப்படியிலேந்து தெரியுமா?" என்றார் மாமி. அட்டையைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, வெளிப்பெட்டியையே தெரிகிற மாதிரி ஹாலில் ஃபிரிட்ஜ் மேல் வைத்து, வயரை இழுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கடைக்கு ஃபோன். "பேத்தி பொறந்திருக்கா! லைட்டு எரியறதைப் பாத்து நான் போட்ட சத்தத்துல இவர் லைனை விட்டார், விட்டதும் மணி அடிச்சுதுடி கொழந்தை!"

காதால் வாங்கியவர்

கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சினிமாவுக்கு மழை, குதிரை, கதவு முதலான சத்தங்களைப் போட்டுக் கொடுப்பவர். எல்லாரும் வேகத்தைக் கேட்பார்கள், அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள். இவர் அதைத் தொடவே இல்லை. மேஜை மேலிருந்த மூன்று மோடங்களைக் காட்டி, "மூணையும் ஒவ்வொண்ணா டயல் பண்ணுங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றும் அலறி ஓய்ந்தன. இரண்டாவதைக் காட்டினார். எங்கள் முதலாளி ரஹீம் பாய்க்குத் தாங்கவில்லை. மூன்றாவதுதானே விலை உயர்ந்தது, ஏன் இது என்று கேட்டுவிட்டார். வந்தவர் கண்ணைத் திறந்து சொன்னார்: "மத்த ரெண்டும் சும்மா கத்துது பாய், இது அந்தப் பக்கம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுக் கத்துது."

ஐம்பத்தாறும் முப்பத்து மூன்றும்

அப்போது ஐம்பத்தாறு என்றால் வேகமான மோடம். முப்பத்து மூன்று அதற்கு முந்தையது, மெதுவானது. அடையாற்றில் ஒரு மாடி வீட்டுக்காக ஐம்பத்தாறுதான் வேண்டும் என்று வாங்கிப்போனார் முருகேசன். கரூரில் அச்சகம் வைத்திருப்பவர். மனைவி தனலட்சுமிக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்ததால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள். தொழில் நின்றுவிடக் கூடாதென்று கம்ப்யூட்டரையும் கூடவே கொண்டு வந்திருந்தார்.

மறுநாளே கூப்பிட்டார். போனேன். தனலட்சுமியின் அண்ணன் இங்கிலாந்தில் டாக்டர். ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ஃபோனில் அவர், "ரிப்போர்ட்டைப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றிருக்கிறார். முருகேசன் ராத்திரி பகலாக நான்கு பக்கத்தையும், வாயில் நுழையாத வார்த்தைகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து, தானே அடித்து வைத்திருந்தார். அனுப்பத்தான் முடியவில்லை. லைனில் ஒரே கொரகொரப்பு. பாதியில் அறுந்துவிடும். என் முன்னாலேயே மூன்று தடவை அறுந்தது. மூன்றாம் தடவை அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். கட்டிலிலிருந்து தனலட்சுமி, "விடுங்க, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?" என்றார். எனக்கு அதுதான் சுருக்கென்றது. அவசரப்படுகிறவருக்கு வேகமானதை விற்றேனே தவிர, அந்த வீட்டு லைன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பிப் போய், கடையில் நாங்கள் தினமும் உபயோகித்துக்கொண்டிருந்த பழைய முப்பத்து மூன்றைக் கழற்றினேன். ரஹீம் பாய் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவரே வயரைச் சுற்றிக் கொடுத்தார். அது நத்தை மாதிரிதான் போயிற்று, ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. நான்கு பக்கமும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் பதிலைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன். பதில் இரண்டே வரி. நானாக இருந்தாலும் இதையேதான் செய்வேன், தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள், நான் கிளம்பி வருகிறேன். முருகேசன் அதைச் சத்தமாகப் படித்தார். இன்னொரு தடவை படிக்க ஆரம்பித்து, முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தனலட்சுமி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "மூணு வாரமா இவரு எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தாரும்மா, இன்னிக்குத்தான் இவருக்கு ஒருத்தர் சொல்லியிருக்காங்க."

உப்புக்காற்று

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி, குப்பத்துக்குள் நுழைகிற சந்தில் ஸ்டெல்லா அக்கா டெலிபோன் பூத் வைத்திருந்தார். வளைகுடாவில் வேலைக்குப் போன பையன்கள் இமெயில் அனுப்புவார்கள். அக்கா அதைப் பிரதி எடுத்து, மீன் விற்றுத் திரும்பும் அம்மாக்களுக்குப் படித்துக் காட்டுவார். படிக்கும்போது கூடை இறக்காமலே நின்று கேட்பவர்களும் உண்டு.

நான் மாட்டிக் கொடுத்த மோடம் நாலே மாதத்தில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. எல்லாம் கடல் காற்றின் வேலை. கேரன்டியில் இதற்கு இடமில்லையே என்று நான் இழுத்தேன். ஒரு அம்மா வந்து, பையன் ஜுரம் என்று எழுதியிருந்தானே, அப்புறம் என்னாச்சு என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குமேல் எனக்குக் கேரன்டி பேச வாய் வரவில்லை. கையிலிருந்த புதுசை மாட்டினேன். அக்கா பழசைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா நீ, தண்ணில போற போட்டுக்கே வருசா வருசம் பெயின்ட் அடிக்கிறோம், கரையில கீற பொட்டிதானேன்னு இத்த அம்மணமா குடுத்துட்டியே!"

எந்த மோடம் நல்லது என்று மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன என் வீட்டில், அந்த மூன்று வருஷமும் டெலிபோனுக்கு மனு போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தோம்.