ட்ரெவர் ஹாவர்த் மாட்டிய சுவிட்ச்

மின்சார விஷயத்தில் ட்ரெவர் ஹாவர்த்துக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. இதை இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் வேறு யார் சொன்னார்களோ இல்லையோ, ட்ரெவர் சொல்லத் தவறியதே இல்லை. பதினாறு வயதில் பஞ்சாலை எலெக்ட்ரீஷியனுக்கு எடுபிடியாகச் சேர்ந்தவர். ஆலையை இழுத்து மூடியதும் பிஸ்கட் ஃபேக்டரிக்குப் போய், அங்கே முப்பத்தொரு வருஷம் மோட்டாரும் பேனலுமாகக் காலத்தை ஓட்டினார். அவர் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஷிஃப்ட்கூட அவரால் நின்றதில்லை. அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைக் கேட்டுக் கேட்டு மனைவி பிரெண்டாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

ஓய்வு பெற்றபின் தோட்டத்துக் கோடியிலிருந்த மரக்கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டார். ஒரு சின்ன லேத், அதற்குப் பக்கத்தில் மேசைமேல் அடங்கும் அளவில், இரும்பைச் செதுக்க ஒரு மில்லிங் மெஷின். இவற்றை வைத்துக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு நீராவி ரயில் இஞ்சின் செய்துகொண்டிருந்தார். ஆரம்பித்து நாலு வருஷமாகியும் இன்னும் சக்கரத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அவரைப் போல ஒரு இருபத்தைந்து பேர் இருந்தார்கள். பூங்காவில் குட்டித் தண்டவாளம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வட்டமடிப்பது அவர்கள் கிளப்பின் வேலை. அதில் யார் வீட்டு மோட்டார் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவது ட்ரெவரைத்தான்.

அந்த மே மாதம் அவருடைய மில்லிங் மெஷினிலேயே சுவிட்ச் போயிற்று. முன்னே, நிறுத்து, பின்னே என்று மூன்று நிலை உள்ள சுவிட்ச். முன்னே போனபின் நிறுத்தத்தில் வைத்து, மோட்டார் முழுதாக நின்ற பிறகுதான் பின்னே தள்ள வேண்டும். கிளப்பில் இதை எல்லாருக்கும் வகுப்பெடுப்பவரே ட்ரெவர்தான். தன் கொட்டகையில் மட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று படக்கென்று ஒரே தள்ளாகத் தள்ளுவார். நாலு வருஷம் பொறுத்துப் பார்த்த சுவிட்ச் ஒருநாள் நாற்றமடித்துப் புகைந்தது. திறந்து பார்த்தால் காண்டாக்டெல்லாம் கரி. புதுசு வாங்கினார். வந்தது அதே கம்பெனி சுவிட்ச் இல்லை. ஒயர் மாட்டும் டெர்மினல்களின் வரிசை வேறு மாதிரி இருந்தது.

பிரெண்டா டீயோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கோயேன். எந்த ஒயர் எங்க இருந்துச்சுன்னு அப்புறம் முழிக்க வேண்டாம்."

"யார்கிட்ட சொல்ற? படம் எடுத்து வெச்சு ஒயர் மாட்டுறவனெல்லாம் எலெக்ட்ரீஷியனா?"

"சரிப்பா சாமி. டீ ஆறுது, குடி."

மாட்டினார். முன்னே தள்ளினார், சுற்றியது. பின்னே தள்ளினார், சுற்றியது. மூடியைத் திருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அவர் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தன. முன்னே என்று தள்ளினால் மெஷின் பின்னே சுற்றியது. நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு தடவை சுற்றும் ஒன்றை வெறுங்கண்ணால் பார்த்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சொல்ல யாராலும் முடியாது. நிற்கும்போது பார்த்தால் தெரியும். ட்ரெவர் பார்க்கவில்லை.

மறுநாள் இஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டில் மிச்சமிருந்ததை வெட்ட உட்கார்ந்தார். மெஷினில் மாட்டி இரும்பை வெட்டும் பல் வைத்த கட்டர்கள் அப்போதுதான் சாணை பிடித்து வந்திருந்தன. பிடித்துக் கொடுத்தது நார்மா கிராப்ட்ரீ.

நார்மாவுக்கு எழுபத்து நாலு வயது. மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் கட்டர்களுக்குச் சாணை பிடித்தவர். கணவரோடு கிளப்புக்கு வந்து, கணவர் போனபிறகும் வந்துகொண்டிருந்தார். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் சாணை பிடிக்கும் கிரைண்டர் ஒன்று வைத்திருந்தார். கிளப்பில் யாருடைய கட்டர் மழுங்கினாலும் அவரிடம் போகும், பழைய மிட்டாய் டப்பாவில், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றித் திரும்பி வரும். பதிலுக்கு ஒருவர் முட்டை கொடுப்பார், ஒருவர் ஜாம் கொடுப்பார். ட்ரெவர் ஒருமுறை அவர் வீட்டு பாய்லரைப் பார்த்துக் கொடுத்தார், பிறகு அதைப் பல முறை சொல்லிக் காட்டினார்.

கட்டர் இரும்பைத் தொட்டதும் வீல் என்று கத்தியது. வெட்டவில்லை, தேய்த்தது. புகை வந்தது. சூட்டில் பல்லெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. இன்னொன்றை மாட்டினார், அதுவும் அப்படியே. நாலு கட்டர் கருகின, இரண்டு மாதம் பாடுபட்ட தண்டும் பாழாயிற்று. நாலும் நார்மா பிடித்தவை. ட்ரெவருக்கு வேறு யோசனையே வரவில்லை. தன் மேல் சந்தேகம் வருகிற பழக்கம் அவருக்கு இல்லை.

கிளப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை சாயங்காலம் கூடும். டீ நேரத்தில் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நன்றாக வந்ததும் வைக்கலாம், சொதப்பியதும் வைக்கலாம். சொதப்பலுக்குத்தான் கூட்டம் அதிகம். வைத்தவர் தான் எப்படிக் கோட்டை விட்டேன் என்று சொல்ல, எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். யாரும் எழுதி வைக்காத ஒரு விதி உண்டு. வைப்பது தன் சொதப்பலாக இருக்க வேண்டும்.

ட்ரெவர் நாலு நீலக் கட்டர்களையும் வரிசையாக வைத்தார்.

"இது நம்ம நார்மா பிடிச்சது. குத்தமா சொல்லல. வயசானா கை நடுங்கத்தான் செய்யும். இனிமேலும் அவங்களைப் போட்டுத் தொந்தரவு பண்றது நமக்கு அழகில்ல. அதான் சொல்றேன்."

அக்கறையோடு சொல்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டார். சொல்லும்போது குரலைக்கூட இறக்கிக்கொண்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் மறுத்தும் பேசவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து நார்மா எழுந்து வந்தார். ஒரு கட்டரை எடுத்து விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ட்ரெவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். கட்டரை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சரி ட்ரெவர்" என்றார்.

"கெட்டில்ல டீ இன்னும் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கடையிலிருந்து புத்தம் புதுக் கட்டர் ஒன்று வந்தது. ட்ரெவர் அதை மாட்டி, முன்னே தள்ளினார். வீல் என்று அதே கத்தல், அதே புகை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சுவிட்சை நிறுத்தத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தார். மெஷின் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. பற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. கடைசி இரண்டு சுற்று, தப்பான பக்கம் சுற்றி நின்றது.

கொட்டகையில் தனியாக இருந்தும் யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. மூடியைத் திறந்து, இரண்டு ஒயரைக் கழற்றி, இடம் மாற்றி மாட்டினார். பழைய மழுங்கல் கட்டர் ஒன்று கிடந்தது. அதைப் போட்டாலும் இரும்பைச் சீராக வெட்டிக்கொண்டு வந்தது.

"புதுக் கட்டர் எப்படி?" என்று சாப்பாட்டு மேசையில் பிரெண்டா கேட்டார்.

"ம். நல்லா வெட்டுது" என்றார் ட்ரெவர். தட்டிலிருந்த உருளைக்கிழங்கை நிமிர்ந்து பார்க்காமல் தின்றார்.

உடனே ஃபோனை எடுத்திருக்கலாம். நார்மா வீடு நடந்துபோகும் தூரம்தான். போகவில்லை. புதன்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வதுதான் முறை, எல்லார் முன்னாலும்தானே அவர் பேரைக் கெடுத்தோம் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. நார்மாவின் முகத்தைத் தனியாகப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வெட்கமாக இருந்தது. எலெக்ட்ரீஷியன் ஒருவன் தன் சொந்த மெஷினில் ஒயரை மாற்றி மாட்டினான் என்பதே முதலில் அவரை அரித்தது. நார்மாவை நினைத்து வெட்கப்பட இரண்டு நாள் ஆயிற்று. அதை நினைக்கும்போது இன்னும் கேவலமாக இருந்தது.

எட்டு நாள் கழித்துப் புதன் வந்தது. நாலு நீலக் கட்டரையும் மறுபடி மேசையில் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னார். படம் எடுக்கச் சொன்ன பிரெண்டாவை விரட்டியதையும் சேர்த்துத்தான் சொன்னார். சொல்லி முடிக்குமுன் கூரையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள்.

"யோவ் ட்ரெவர், எங்க வீட்டு வாஷிங் மெஷினை நீதானே பாத்த?" என்றார் செயலாளர் கீத், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதான் சுத்தமான துணியைப் போட்டா அழுக்காக்கித் தருது!"

முதுகில் தட்டினார்கள். ஒருவர் பிஸ்கட் தட்டை நீட்டினார். ட்ரெவரும் சிரித்தார். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா வந்த மறுநொடியே தன் மேலேயே அருவருப்பு வந்தது. இரண்டாவது வரிசையைப் பார்த்தார்.

"நார்மா எங்க? ஆளையே காணோமே?"

கீத்தின் சிரிப்பு நின்றது. "வரமாட்டாங்கப்பா. கிளப்பை விட்டு விலகறேன்னு லெட்டர் குடுத்துட்டாங்க. கிரைண்டரைக்கூட போல்டன் ஊர்ப் பக்கத்துல யாருக்கோ குடுத்துட்டாங்களாம். சனிக்கிழமை வேன் வந்து ஏத்திட்டுப் போயிடுச்சு."

மறுநாள் காலை ட்ரெவர் நார்மா வீட்டுக் கதவைத் தட்டினார். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போக நினைத்திருந்தார். நார்மா உள்ளே கூட்டிப்போய்ச் சமையலறையில் உட்காரவைத்தார்.

"தப்பு என்னுது நார்மா. உங்க வேலைல ஒண்ணுமில்ல. ஒயரை நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன். மெஷின் தலைகீழாச் சுத்தியிருக்கு."

"தெரியும்" என்றார் நார்மா.

"கீத் சொல்லிட்டானா?"

"அன்னைக்கே தெரியும். பல்லோட முதுகுதான் கருகியிருந்துச்சு, வெட்டுற பக்கம் இல்ல. முப்பது வருஷம் அதைத்தானே பாத்தேன்."

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"அத்தனை பேர் முன்னாடி உன் தப்பைச் சொல்லச் சொல்றியா? எலெக்ட்ரீஷியன்னு நீ எவ்வளவு பெருமைப்பட்டுக்குவன்னு எனக்குத் தெரியாதா? வேற யாராச்சும் ஒரு கட்டரை எடுத்துத் திருப்பிப் பாப்பாங்க, சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அத்தனை பேரும் என் கட்டர்லதான் வேலை செய்யறாங்க. ஒருத்தரும் எடுக்கல."

கெட்டில் கொதித்தது. நார்மா எழுந்து தண்ணீர் ஊற்றினார். கெட்டிலின் மூக்கு கோப்பையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

"டீ ஊத்தும்போது எப்பவும் நடுங்கும்" என்றார். "கிரைண்டர்ல உக்காந்தா நின்னுடும். எத்தனையோ வருஷமா அப்படித்தான். நீ சொன்ன மறுநாள் போய் உக்காந்தேன். வேலையைப் பாக்காம கையையே பாத்துக்கிட்டிருந்தேன். நடுங்குச்சு. அதுக்கடுத்த நாளும் நடுங்குச்சு."

ட்ரெவர், மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லை வீட்டிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அதை இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நானா கூப்பிட்டுக் குடுத்ததுதான். ஆனா சனிக்கிழமை காலைல வேன் வாசல்ல வந்து நிக்கும்போதுகூட, இரு இரு, ட்ரெவர் கெட்டிக்காரன், இன்னேரம் கண்டுபிடிச்சிருப்பான், ஓடி வருவான்னு மனசுல ஒரு பக்கம் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பைத்தியக்காரத்தனம்." நார்மா கோப்பையை அவர் முன்னால் நகர்த்தினார். "ஆமா, எப்பத்தான் கண்டுபிடிச்ச?"

நேற்று என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரெண்டாவுக்கே தெரியாது.

"செவ்வாய்க்கிழமை" என்றார் ட்ரெவர்.

"முந்தாநேத்தா?"

"இல்ல. அதுக்கு முந்தின செவ்வாய்."

நார்மா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். அந்தச் செவ்வாய்க்கு நாலு நாள் கழித்துத்தான் வேன் வந்த சனிக்கிழமை இருந்தது. பிறகு சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, அவர் பக்கமாகத் தள்ளினார்.